ஹரி பொட்டர் முடிச்ச பிள்ளையளுக்கு

ஓ.எல் சோதினை எழுதிப்போட்டு வீட்டில நிக்கிற பிள்ளையள் கனபேர் கேக்கினம், "ஹரி பொட்டர் ஏழும் வாசிச்சாச்சு, இனி என்ன?" எண்டு.

நான் முதல்ல சொல்லுறது உர்சுலா லெ குவின்ர 'எ விசார்ட் ஒஃப் ஏர்த்சீ'. 1968இல வந்தது. மந்திரம் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் ஹோக்வார்ட்ஸுக்கு 29 வருசம் முந்தியே இதில இருக்கு. ஆடு மேய்ச்ச தீவுப் பொடியன் கெட், வீம்புக்குச் செய்த ஒரு மந்திரத்தால ஒரு நிழலை வெளியில விட்டிடுறான். அது அவனைத் துரத்துது. ஒண்டின்ர உண்மைப் பேர் தெரிஞ்சால்தான் அதை ஆளலாம் எண்டதுதான் அங்க மந்திரம். கதை முழுக்கக் கடலும் தீவுகளும். குறிகட்டுவானில வள்ளம் ஏறி நயினாதீவு, நெடுந்தீவு போய் வந்த எங்கட பிள்ளையளுக்கு அந்தக் கடல் உடன பிடிபடும். சண்டை குறைவு, அவசரமில்லாத எழுத்து. முதல் அத்தியாயத்தோட விட்டிடாதேங்கோ.

கிரேக்கக் கடவுளரின்ர பிள்ளையள் இந்தக் காலத்தில வாற 'பேர்சி ஜக்சன்' கதையள் விருப்பமெண்டால் ரோஷனி சொக்‌ஷியின்ர 'ஆரு ஷா' தொடர், 2018இல தொடங்கினது. பாண்டவர் இந்தக் காலத்தில பெட்டையளாப் பிறந்து வருகினம். தங்கச்சிமாருக்கு நல்லாப் பிடிக்கும்.

ஏர்த்சீ என்னட்ட இருக்கு. யாழ்ப்பாணத்தில இருக்கிற ஆருக்கும் வேணுமெண்டால் இன்பொக்ஸில கேளுங்கோ, தாறன்.