சிப் முதலில், ஊசி பிறகு

என் வீட்டுக்காரருக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வேலை உறுதியான அன்று, உறவுக்காரர்கள் வாழ்த்துச் சொன்ன கையோடு கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கருப்பனை என்ன செய்யப் போகிறீர்கள்?"

கருப்பன் எங்கள் நாட்டு நாய். ஆறு வருடங்களுக்கு முன் கோபிச்செட்டிபாளையத்தில் தடப்பள்ளி வாய்க்கால் மேட்டில், கண் திறந்து சில நாட்களே ஆன குட்டியாகக் கிடைத்தவன். மல்லி எங்கள் தோட்டத்துச் சாளையில் பிறந்த வெள்ளைப் பூனை.

"தோட்டத்திலேயே விட்டுவிட்டுப் போ கண்ணு. பண்ணையத்து ஆள் வேளாவேளைக்குச் சோறு வைப்பான்" என்றார் அம்மிச்சி. அவர் அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் ஒருமுறை தாராபுரத்தில் கல்யாணத்துக்கு மூன்று நாள் போய்வந்தபோது, கருப்பன் வைத்த களியைத் தொடாமல் வாசற்படியிலேயே படுத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். மூன்று நாளுக்கே அப்படி என்றால், வருடக்கணக்கில் எப்படி விடுவது? போனால் நால்வரும் போவது என்று அன்றைக்கே முடிவெடுத்தோம்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நாய், பூனை, இரண்டில் எதைக் கொண்டுபோனாலும் விதி ஒன்றுதான். எல்லாம் ரேபிஸ் நோயைச் சுற்றியே வருகிறது. இரத்தப் பரிசோதனை தேவையில்லை என்று அவர்கள் விலக்கு அளித்த நாடுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. இந்தியா அதில் இல்லை. ஆகவே நம் ஊரிலிருந்து போகும் விலங்குக்கு முதலில் தோலுக்கடியில் பதினைந்து இலக்க எண் கொண்ட மைக்ரோசிப் பொருத்த வேண்டும். அதன் பிறகு ரேபிஸ் தடுப்பூசி. ஊசி போட்டு 30 நாட்களாவது கழிந்த பின் இரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நோய் எதிர்ப்புப் பொருள் ஒரு மில்லிக்கு 0.5 யூனிட்டாவது இருக்க வேண்டும். முடிவு வந்துவிட்டாலும் உடனே கிளம்ப முடியாது. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். எங்கும் ஒரு நாள் வீணாகாமல் போனாலே நான்கு மாதம் ஓடிவிடும்.

இதில் எதுவும் கடினமில்லை. வரிசைதான் முக்கியம். நாங்கள் இடறியதும் அங்கேதான்.

மே 3ஆம் தேதி இருவரையும் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். "ஊசியை இன்றைக்கே போட்டுவிடலாம். சிப் கையிருப்பில் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்றார்கள். மே 10ஆம் தேதி சிப் பொருத்தினார்கள். இரண்டும் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தோம்.

ஜூன் மாதம் ஒரு இரவு, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய படிவத்தைத் திண்ணையில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்தேன். சிப் பொருத்திய தேதி என்ற கட்டத்தில் 10 என்று எழுதினேன். அதற்கு அடுத்த கட்டம் தடுப்பூசித் தேதி. 3 என்று எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு எண்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சிப்தான் அந்த விலங்குக்கு அடையாளம். அடையாளம் வருவதற்கு முன் போட்ட ஊசி இந்த நாய்க்குத்தான் போடப்பட்டது என்பதற்கு அவர்களிடம் ஆதாரம் கிடையாது. விதியின்படி கருப்பனும் மல்லியும் ஊசியே போடாதவர்கள். வருடம் தவறாமல் ஊசி போட்டு வைத்திருந்த பழைய அட்டைகளும் அங்கே செல்லாது. ஆறு வாரம் போய்விட்டது என்று தெரிந்தபோது அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரர் ஜூலையில் வேலையில் சேர்ந்தாக வேண்டும்.

ஜூன் 14ஆம் தேதி ஈரோட்டில் வயதில் மூத்த ஒரு மருத்துவரிடம் போனோம். அவர் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் சிப் ரீடரைக் கருப்பனின் கழுத்தில் இடப்பக்கமாக மெதுவாக நகர்த்தினார். பீப் என்று ஒரு சத்தம். "அட்டையில் இருக்கும் எண்ணை நீங்கள் படியுங்கள் அம்மணி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நான் படிக்கப் படிக்க ரீடரின் திரையில் ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தார். பதினைந்தும் பொருந்திய பிறகுதான் ஊசி போட்டார். மருந்துப் புட்டியின் சீட்டை உரித்துப் புத்தகத்தில் ஒட்டி, மருந்தின் தொகுதி எண், காலாவதி நாள், சிப் எண், தேதி எல்லாவற்றையும் தெளிவான கையெழுத்தில் எழுதிக் கையொப்பமிட்டு முத்திரை வைத்தார். மல்லிக்கும் அதே மாதிரி. ஒரு வேலையை இப்படித்தான் செய்ய வேண்டும் என்று அந்த அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டேன். இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறேன்.

ஜூலை 17ஆம் தேதி கோவையில் இரத்தம் எடுத்தார்கள். கருப்பன் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான். மல்லியைத் துண்டில் சுற்றி, ஒரு காலை மட்டும் வெளியே எடுத்து மூன்று பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எடுத்த இரத்தத்தை அப்படியே அனுப்புவதில்லை. உறைய வைத்து, மெஷினில் சுழற்றி, மேலே தெளியும் வைக்கோல் நிறச் சீரத்தை மட்டும் எடுத்து, குளிர்பெட்டியில் வைத்து அனுப்புகிறார்கள். எந்த ஆய்வகம் என்பதை யார் வாய்ச்சொல்லையும் கேட்டு முடிவு செய்யாமல், ஐரோப்பிய ஆணையம் வெளியிட்டிருக்கும் பட்டியலில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்தில் முடிவு வந்தது. கருப்பனுக்கு 3.4, மல்லிக்கு 1.2. தேறிவிட்டார்கள்.

வீட்டுக்காரர் முன்னால் போய்விட்டார். விலங்கு பயணம் செய்யும் நாளுக்கு ஐந்து நாள் முன்போ பின்போ, அதற்குள் உடையவரும் பயணம் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் வணிகச் சரக்குக்கான விதிகள் பொருந்தும். அதனால் நான் கோபியிலேயே தங்கினேன். அந்த மூன்று மாதத்தைத்தான் கூண்டுக்குச் செலவிட்டேன்.

கூண்டின் அளவை நாயை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை கருப்பன் 70 சென்டிமீட்டர். தரையிலிருந்து முன்னங்கால் முட்டி வரை 32. முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் 86. கூண்டின் உள்நீளம் அதற்குக் குறையக்கூடாது. தோள் அகலத்தின் இரு மடங்கு அகலமும், நின்றால் காது நுனி மேலே இடிக்காத உயரமும் வேண்டும். கடையில் வாங்கிய கூண்டில் மேல்பாதியையும் கீழ்பாதியையும் பிளாஸ்டிக் கிளிப்புகள்தான் சேர்த்துப் பிடித்திருந்தன. அதை விமானத்தில் ஏற்க மாட்டார்கள். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாமா, துளைகளை அளந்து பார்த்து இரும்பு போல்ட்டும் நட்டும் வாஷரும் போட்டு முடுக்கிக் கொடுத்தார். "இது பம்ப்செட்டே தாங்கும் கண்ணு, பயப்படாதே" என்றார்.

கூண்டைத் திண்ணையில் கதவில்லாமல் வைத்தேன். முதல் வாரம் கருப்பன் அதைச் சுற்றிக்கூட வரவில்லை. என் பழைய சேலையை உள்ளே விரித்து, சோற்றுத் தட்டையும் உள்ளே வைத்தேன். செப்டம்பரில் மத்தியானத் தூக்கமே அதற்குள்தான். தூக்க மருந்து கொடுத்து அனுப்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். உயரத்தில் மூச்சுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது ஆபத்து. பழக்கம்தான் மருந்து.

டிக்கெட் எடுப்பதற்கு முன் விலங்குகளுக்கு இடம் இருக்கிறதா என்று விமான நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு விமானத்தில் சிலவற்றுக்குத்தான் இடம். பையோடு சேர்த்து எட்டுக் கிலோவுக்குள் இருந்ததால் மல்லி என் காலடியில் வரலாம் என்றார்கள். கருப்பனுக்குக் கீழ்த்தளம், அங்கும் காற்றழுத்தமும் வெப்பமும் பயணிகள் தளத்தைப் போலவே பராமரிக்கப்படும்.

ஏற்றுமதிக்கான நலச்சான்றிதழை மத்திய அரசின் கால்நடைத் தனிமைப்படுத்தல், சான்றளிப்பு நிலையம்தான் தர வேண்டும். கோவையில் அது கிடையாது. நாங்கள் சென்னை பள்ளிக்கரணைக்குப் போனோம். ஐரோப்பியச் சான்றிதழ் வழங்கிய நாளிலிருந்து பத்து நாளுக்குள் அங்கே நுழைந்துவிட வேண்டும் என்பதால், மிக முன்னதாகவும் போக முடியாது. அக்டோபர் 18ஆம் தேதி இரவு வெயில் தாழ்ந்த பிறகு காரில் கிளம்பினோம். சேலம், ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கருப்பனை இறக்கி நடத்தி, விடியும்போது சென்னை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. அலுவலர்கள் சிப்பைப் படித்தார்கள், உடலைப் பார்த்தார்கள், காகிதங்களைத் தேதி வாரியாகப் புரட்டினார்கள். ஜூன் 14, ஜூலை 17 என்று விரல் நகர்ந்தபோது என் நெஞ்சு அடித்துக்கொண்டது. மறுநாள் சான்றிதழ் கைக்கு வந்தது.

21ஆம் தேதி இரவு விமான நிலையத்தில், கூண்டின் தண்ணீர்க் கிண்ணத்தை உறையவைத்த பனிக்கட்டியோடு மாட்டினேன். தூக்கி வைக்கும்போது சிந்தாது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உருகிக் குடிக்கக் கிடைக்கும். கம்பி வழியாக என் விரலை நக்கினான். கூண்டு திரும்பி உள்ளே போகும்வரை அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து மணி நேரப் பயணத்தில் நான் கண்ணை மூடவில்லை.

பிராங்பர்ட்டில் சுங்க அலுவலர் ரீடரை நீட்டினார். அதே பீப் சத்தம். காகிதங்களைப் பார்த்து முத்திரை வைத்துக் கொடுக்கப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வீட்டுக்காரர் நின்றிருந்தார். கருப்பன் அவர் குரல் கேட்டதும் கூண்டோடு சேர்ந்து ஆடினான். கதவைத் திறந்தால் நேரே அவர் மார்பில்.

ஏஜெண்ட் இல்லாமல் எங்களுக்கு ஒன்றரை லட்ச ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது. ஏஜெண்டை வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் தேதிகளை நீங்களே ஒரு தாளில் எழுதிச் சரிபாருங்கள்.

மல்லி இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேயே இருந்து, மூன்றாம் நாள் தயிர்ச்சோறு வாசனைக்கு வெளியே வந்தாள். கருப்பனை நகராட்சியில் பதிந்து நாய் வரி கட்டியாயிற்று. இங்குள்ள மருத்துவர் இருவருக்கும் ஐரோப்பிய பாஸ்போர்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த ரேபிஸ் ஊசி ஜூன் 14க்கு முன் போட்டாக வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் இரத்தப் பரிசோதனை செல்லாமல் போய்விடும்; ஊருக்கு அழைத்துப் போய்த் திரும்பும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். காலண்டரில் மே மாதத்திலேயே சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.