கோயில் வாசலில் நாலு வாள்

தம்பி மலேசியத் தரைப்படையில் கேப்டன். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் அவன் கல்யாணத்தை எடுத்து நடத்தியது நான்தான். பந்தக்கால், பத்திரிகை, பந்தி எல்லாம் கைப்பழக்கம். பட்டாளத்துச் சடங்குதான் புதுசு.

முதலில் காகித வேலை. படையில் மேலதிகாரியின் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே முகூர்த்தம் பார்த்தோம். அப்புறம் பதிவு. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவிப்பு 21 நாள் பதிவகத்தில் தொங்க வேண்டும். தம்பியின் லீவையும் வைகாசியையும் இதோடு பொருத்துவதற்குள் காலண்டரே கிழிந்துவிட்டது.

அதிகாரிகள் எதிரெதிரே நின்று உருவிய வாளைக் குறுக்கே உயர்த்த, ஜோடி அதன் கீழே நடந்து வருவதுதான் வாள் வளைவு. அதைச் சொன்னதும் பாட்டிக்கு முகம் சுண்டிப்போனது. 1948 ஜூனில் இந்த ஊர்ப் பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்தபோது அவருக்கு ஏழு வயது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சோதனை போட வந்த சிப்பாய்களுக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்த கதையை இன்னும் சொல்வார்.

"நல்ல காரியத்துல உருவுன கத்தி எதுக்குய்யா?"

"கூர்ப்பக்கம் மேல பாத்துதான் இருக்கும் பாட்டி," என்றான் தம்பி. அவர் அதற்கெல்லாம் மசியவில்லை. குருக்கள்தான் வழி சொன்னார்: தாலி ஏறட்டும், வாளைக் கோயில் வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு அதிகாரிகள் வருவதாக இருந்தது. இரண்டு பேருக்கு டியூட்டி மாறிவிட்டது. சரி, நாலு பேர், இரண்டு ஜோடி போதும் என்றார்கள். முதல் நாள் சாயங்காலம் ஒத்திகையும் பார்த்தோம், ஆனால் மாலையும் கொண்டையும் இல்லாமல். அது என் தப்பு. இன்னொரு தப்பு, பந்தியை நிறுத்தி வைக்கச் சொல்லாதது. தம்பி வேட்டியை மாற்றி நம்பர் ஒன் எனப்படும் சடங்கு யூனிபார்ம் மாட்டி வர 25 நிமிடம். அதற்குள் பாதிக் கூட்டம் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டது.

"ஹுனுஸ் பெடாங்!" வாளை உருவச் சொல்லும் அந்த மலாய்ச் சத்தம் கேட்டதும் சிலர் எச்சில் கையோடு ஓடி வந்தார்கள். வாள்கள் எழுந்து தலைக்கு மேல் குறுக்கே நின்றன. இரண்டாவது ஜோடியைத் தாண்டும்போது பொண்ணின் கொண்டைப்பூ ஒரு வாள்நுனியில் மாட்டி, ஒரு முழம் மல்லிகை அங்கேயே தொங்கியது. அந்த வாளைப் பிடித்திருந்தவர் சரவாக் பக்கத்து இபான் இனத்துக்காரர். கண்ணைக்கூட இமைக்கவில்லை.

எதிரே ஆலத்தட்டோடு பாட்டி. தட்டைச் சுற்றவே இல்லை.

"மொதல்ல அத உறையில போடச் சொல்லு."

போட்டார்கள். ஆலம் சுற்றி முடித்துவிட்டு, அந்த நாலு பேரையும் ஒரு பார்வை பார்த்து, சாப்பிட்டாச்சா என்று தோட்டத்து மலாயில் கேட்டார்: "சூடா மாக்கான்?"