பட்டன் நிலாவும் 33 சென்டிமீட்டர் ராக்கெட்டும்

நிலாப் பயணம் பற்றிய படப்புத்தகங்கள் பலவற்றில் பூமியும் நிலாவும் பக்கத்துப் பக்கத்து வீடுகள் போல ஒரே தாளில் இருக்கும். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. மகளையும் எதிர்வீட்டுப் பையனையும் சேர்த்துக்கொண்டு, மனிதர்களை முதன்முதலாக நிலாவில் இறக்கிய அப்பல்லோ 11 பயணம் பற்றி ஒரு மடிப்புப் புத்தகத்தை நாங்களே செய்ய ஆரம்பித்தோம்.

பூமிக்கு 4 செ.மீ. வட்டம். அந்தக் கணக்கில் நிலா 1.1 செ.மீ. வரும். பழைய சட்டையின் பட்டன் ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது. 3,84,000 கி.மீ. தூரம் என்று வாயால் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். பூமியைப் போல 30 உருண்டைகளை வரிசையாக வைத்தால் கிட்டத்தட்ட அந்தத் தூரம். ஆக, 120 செ.மீ. வேண்டும். சார்ட் பேப்பரை நீளவாக்கில் வெட்டி, கறுப்படித்து, 15 செ.மீ.க்கு ஒரு மடிப்பு. பிரிக்கப் பிரிக்கக் கறுப்புதான் வருகிறது. "இன்னும் வரலையாப்பா?" என்று மகள் கேட்ட இடத்தில்தான், 1969 ஜூலை 16 அன்று கிளம்பியவர்கள் 20ஆம் தேதிதான் இறங்கினார்கள் என்பதைச் சொன்னேன். தேதி மனதில் நின்றுவிட்டது.

அடுத்து சாட்டர்ன் 5 ராக்கெட். நிஜத்தில் சுமார் 110 மீட்டர் உயரம், நாங்கள் வரைந்தது 33 செ.மீ. பகுதி பகுதியாக வெட்டி வெல்க்ரோவில் ஒட்டினோம். கதை நகர நகர ஒவ்வொன்றாகப் பிய்க்க வேண்டும். முதல் கட்டம் போச்சு, இரண்டாவது போச்சு, மூன்றாவதும் போச்சு. ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலாவில் இறங்கிய ஈகிள் கலத்தின் கால் பகுதி அங்கேயே நின்றுவிட்டது. மேல் பகுதி அந்த இரண்டு பேரையும், நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்த கொலம்பியா என்ற தாய்க்கலத்தில் சேர்த்தது, அப்புறம் அதையும் கழற்றி விட்டுவிட்டார்கள். கடைசியில் கையில் மிஞ்சியது, மூன்று பேரும் பூமிக்குத் திரும்பிய 1 செ.மீ. கூம்பு மட்டும். "இவ்ளோ பெருசா செஞ்சிட்டு இதுதான் திரும்பி வருமா மாமா?" எதிர்வீட்டுப் பையனுக்கு நிஜமாகவே கோபம். இந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

நிலாத் தரைப் பக்கத்தில் கேள்விகள் கொட்டின. வெயில் அடிக்கும்போது வானம் ஏன் கறுப்பு? வெளிச்சத்தைச் சிதறடிக்க அங்கே காற்று இல்லை. காற்றே இல்லாமல் கொடி எப்படி விரிந்து நிற்கிறது? மேலே குறுக்காக ஒரு கம்பி கோத்திருக்கிறது. ஈர்க்குச்சியால் நாங்களும் அப்படியே வைத்தோம். புகைப்படங்களில் பெரும்பாலும் ஆல்ட்ரின்தான் இருப்பார், ஏனென்றால் கேமரா அதிகமும் ஆர்ம்ஸ்ட்ராங் கையில் இருந்தது. ஆல்ட்ரினின் ஹெல்மெட் கண்ணாடியில் ஆர்ம்ஸ்ட்ராங் குட்டியாகத் தெரியும் பிரபலமான படத்தை அச்செடுத்துக் கொடுத்து, அவரைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். நல்ல விளையாட்டு.

மூன்றாவது வீரரான காலின்ஸுக்குத் தனிப் பக்கம் மகளின் யோசனை. மற்ற இருவரும் கீழே இருந்தபோது அவர் ஒற்றை ஆளாக நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் நிலாவுக்குப் பின்னால் போகும்போது பூமியுடன் பேச வழியில்லை. "பயமா இருந்திருக்காதா?" என்று கேட்டுவிட்டு, அவருக்குத் துணையாக ஒரு பூனையை வரைந்துவிட்டாள். அறிவியல் கெட்டாலும் பரவாயில்லை, பூனை இருக்கட்டும்.

அடுத்தது சந்திரயான்-3. அதைச் சுமந்த ராக்கெட்டின் உயரம் 43.5 மீட்டர், எங்கள் அளவுகோலில் 13 செ.மீ.தான். 2023 ஜூலை 14 அன்று கிளம்பி, சுற்றுப்பாதையைப் படிப்படியாகப் பெரிதாக்கி, ஆகஸ்ட் 23இல் இறங்கியது. அந்த வளையங்களை 15 செ.மீ. அகலத் தாளில் அடக்க முடியாது. நூலை ஒட்டிப் பக்கவாட்டில் வெளியே தொங்கவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.