கால்வாய்க்கரையில் ஒரு சைக்கிள் பாதை: மூன்று வருஷம் அலைந்த அனுபவம்

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஐந்து ஊர்களுக்குத் தபால் கொடுப்பது என் வேலை. பதினாறு வருஷமாக சைக்கிளில்தான் போகிறேன், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினாலு கிலோமீட்டர் வரும். எந்த ரோடு மழையில் சேறாகும், எந்த வளைவில் நாய் துரத்தும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. அதனாலேயே, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நெடுஞ்சாலை ஓரம் சர்வீஸ் ரோட்டில் எதிர்ப்பக்கமாக மிதித்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பதினொன்றாம் வகுப்பில் அரசு சைக்கிள் கொடுக்கிறது. நல்ல திட்டம். எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகள் பலர் பத்தாவதோடு நிற்காமல் படிப்பதற்கு அந்த சைக்கிள் ஒரு காரணம். ஆனால் கிருஷ்ணகிரி என்பது சென்னை, பெங்களூரு, சேலம், திருவண்ணாமலை, குப்பம் என்று நாலா பக்கமும் போகிற பெரிய சாலைகள் கூடும் இடம். அதில் சேலம் போகிற 44ஆம் எண் நெடுஞ்சாலை (பழைய ஏழாம் நம்பர்) எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. பிள்ளைகள் சரியான பக்கமாகப் போக வேண்டுமென்றால் அண்டர்பாஸ் வரை போய்ச் சுற்றிவர ஒன்றரை கிலோமீட்டர் கூடுதல். காலை எட்டே காலுக்கு எந்தப் பிள்ளை சுற்றும்?

2022 ஜூலையில் ஒரு மினி லாரி உரசி, என் மகளோடு போன பெண் விழுந்து முழங்கை எலும்பு முறிந்தது. அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தவள், "அத்தை, சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள். திரும்பி வரும்போதே மனு எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்த முதல் மனுவில் நான் செய்த தப்பை விவரமாகச் சொல்கிறேன், மற்றவர்களுக்கு உதவும். ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தேன். "எங்கள் பகுதி மாணவ மாணவியருக்கு சைக்கிள் பாதை அமைத்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." நாற்பது கையெழுத்து. ரசீது கொடுத்தார்கள், மனு எண் செல்போனுக்கு வந்தது. ஆறு வாரம் கழித்து ஓர் அலுவலகத்திலிருந்து பதில்: "மேற்படி சாலை இவ்வலுவலகக் கட்டுப்பாட்டில் வரவில்லை என்ற விவரம் மனுதாரருக்குத் தெரிவிக்கப்படுகிறது." மனு முடித்து வைக்கப்பட்டது.

கோபம் வந்தது. ஆனால் யோசித்தபோது, எந்தச் சாலை, எங்கிருந்து எதுவரை என்று நான் எழுதவே இல்லை. எழுதாத மனுவை யார் மேசையில் வைத்தாலும் அவர் தள்ளிவிடத்தான் பார்ப்பார்.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை காலை, சர்வீஸ் ரோட்டோரப் புளியமரத்தடி டீக்கடை பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்தேன். ஏழே முக்காலிலிருந்து ஒன்பது வரை போன சைக்கிளையெல்லாம் எண்ணினேன். பள்ளிக்குப் போனவை 74. அதில் எதிர்ப்பக்கமாகப் போனவை 52. பின்னால் இன்னொரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனவை 19. இது தவிர மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகிற பெண்கள், பால்காரர்கள். அந்த ஒரு பக்கம் பிறகு நான் எழுதிய எல்லா மனுவோடும் போனது. "நிறைய பிள்ளைகள் போகிறார்கள்" என்று சொன்னபோது அசையாத அதிகாரிகள், 52 என்ற எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பாதை எங்கே என்பது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. கே.ஆர்.பி. அணையிலிருந்து (கிருஷ்ணகிரி அணை) வரும் கால்வாய் எங்கள் ஊருக்குப் பின்னால் போகிறது. அதன் கரைமேல் இலாகா ஜீப் போவதற்காக அந்தக் காலத்திலேயே விட்ட பாதை இருக்கிறது. சீமைக்கருவேலம் மூடி, பாதி ஒற்றையடிப் பாதையாகிவிட்டது. எங்கள் ஊர்களையும் பள்ளிக்கூடத் தெருவையும் நெடுஞ்சாலை பக்கமே போகாமல் இணைக்கிற வழி அது. மொத்தம் 2.6 கிலோமீட்டர். நான் அந்த வழியாக எப்போதாவது போவேன், போனால் பஞ்சர் நிச்சயம். ஒருமுறை பஞ்சர் கடை அண்ணன் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். மூன்று இடத்தில் குமிழி. மூன்று முள்ளையும் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்து, "கரை வழியா வந்தீங்களா தபாலம்மா?" என்றார்.

யாருக்கு எந்தத் துண்டு என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. அரசின் இணையதளத்தில் புல எண் (சர்வே நம்பர்) போட்டு, நிலம் யார் பெயரில் என்று காட்டும் அ-பதிவேடும், அதன் அளவுகளைக் காட்டும் எஃப்.எம்.பி. வரைபடமும் எடுத்தோம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி மூன்று அலுவலகங்களுக்கு எழுதினோம். கேட்டது இவ்வளவுதான்: இன்ன புல எண்ணில் உள்ள பாதையைப் பராமரிப்பது யார், அகலம் எவ்வளவு, கடைசியாக வேலை நடந்தது எப்போது. இரண்டு இடத்திலிருந்து முப்பது நாளுக்குள் பதில் வந்தது. மூன்றாவது இடத்துக்கு முதல் மேல்முறையீடு போட்ட பிறகுதான் வந்தது.

கையில் வந்த படம் இது. ஊரிலிருந்து கால்வாய் வரை 400 மீட்டர், ஊராட்சிச் சாலை. கரை 1.8 கிலோமீட்டர், நீர்வளத் துறை. நடுவில் ஓர் ஓடையின்மேல் உடைந்து கிடந்த பலகைக்கல் சிறுபாலம், ஊராட்சி ஒன்றியம். கடைசி 400 மீட்டர் சந்து, பேரூராட்சி. நாலு துண்டு, நாலு சொந்தக்காரர்கள். யாரிடமும் "சைக்கிள் பாதை" இல்லை, நாலு பேரிடமும் அதன் ஒரு துண்டு இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் எழுதிய எந்த மனுவிலும் முழுப்பாதையைக் கேட்கவில்லை. ஒன்றியத்திடம் சிறுபாலம், பேரூராட்சியிடம் சந்தில் மூன்று தெருவிளக்கு, ஊராட்சியிடம் குழி அடைப்பது. வரைபடத்தை மட்டும் ஒவ்வொரு மனுவிலும் முழுசாக இணைத்தோம், அவரவர் துண்டில் சிவப்பு மையால் கோடு போட்டு.

கரைதான் கஷ்டமாக இருந்தது. துறை மறுப்பதற்கு முன்னாலேயே எங்கள் ஊர் விவசாயிகள் மறுத்தார்கள். 2017 நவம்பரில் அணையின் முதல் ஷட்டர் உடைந்து தண்ணீர் ஆற்றோடு போனதைக் கண்ணால் பார்த்தவர்கள். அணை, கால்வாய் என்று யார் பேச்செடுத்தாலும் பதறுவார்கள். கடைமடையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு பெரியவர் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"பாதை போட்டா நாளைக்கு டிப்பர் வரும் தபாலம்மா. டிப்பர் வந்தா கரை இறங்கும். கரை இறங்கினா என் வயலுக்குத் தண்ணி எங்கிருந்து வரும்?"

"டிப்பர் வராத மாதிரி பண்ணினா, பெரியப்பா?"

"எப்படிப் பண்ணுவே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. இரவில் மண் ஏற்றிய வண்டி போய் ஓர் இடத்தில் கரை ஏற்கெனவே ஓரடி இறங்கியிருந்தது. அவரையே கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தைப் பார்த்தேன். அவர் பேத்தியும் அந்த 74 பேரில் ஒருத்தி என்று அங்கே நின்றபோதுதான் சொன்னார்.

வழியையும் அவரே சொன்னார். எங்கள் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை, வேலிக்கெல்லாம் கல்லுக்கால்தான் நடுவோம். பாதையின் இரண்டு முனையிலும் கல்லுக்கால் நட்டு, நடுவில் பூட்டு வைத்த இரும்புக் குழாய் ஒன்று. பால்காரர் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு போக இடம் வேண்டுமே. அவர் வண்டியையே கொண்டுவரச் சொல்லி டேப் வைத்து அளந்தோம். நாலடி இடைவெளி விட்டால் அவர் போகலாம், சக்கர நாற்காலியும் போகும், டிராக்டரும் டிப்பரும் போகாது. துறையின் இயந்திரம் தூர்வார வந்தால் குழாயைக் கழற்றிக்கொள்ளலாம். ஒரு சாவி லஸ்கரிடம் (கால்வாயைப் பார்த்துக்கொள்ளும் துறை ஊழியர்), இன்னொன்று பாசனச் சங்கத்திடம். இதைப் படமாக வரைந்து, பாசனச் சங்கத்தின் சம்மதக் கடிதத்தோடு துறைக்குப் போனோம். பெரியவரும் கூடவே வந்தார். விவசாயி வந்து "எங்களுக்கு ஆட்சேபனை இல்லை" என்று சொன்ன பிறகு, அந்த அறையில் பேச்சே வேறு மாதிரி ஆகிவிட்டது.

2023 மே 1 கிராம சபையில் தீர்மானம் வைத்தோம். இங்கே ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: கை தூக்கிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு, நகல் வாங்கும்வரை உட்கார்ந்திருங்கள். எங்கள் தீர்மானத்தில் முதலில் "சாலை வசதி" என்று பொதுவாகத்தான் எழுதியிருந்தார்கள். புல எண்களோடு திருத்தி எழுதச் சொன்னோம், பகல் இரண்டு மணி ஆகிவிட்டது. பின்னால் போன இடமெல்லாம் அந்த நகலைத்தான் முதலில் கேட்டார்கள்.

பாதை அகலமும் ஒரு கேள்வியாக வந்தது. சைக்கிள் தடத்துக்கென்றே இந்தியச் சாலைகள் பேரவை 1962லேயே ஐ.ஆர்.சி. 11 என்று விதிமுறை வெளியிட்டு, 2015ல் திருத்தியிருக்கிறது. குறைந்தது இரண்டு மீட்டர் வேண்டும். எங்கள் கரை மேற்பரப்பு குறுகலான இடத்தில்கூட 3.4 மீட்டர் இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் முள்வேலி இரண்டடி உள்ளே வந்திருந்தது. அதற்கு மனு எதுவும் போடவில்லை. பெரியவர் போய்ப் பேசினார், வேலி நகர்ந்தது.

2024 ஜனவரியில் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கிடைத்தது. நிபந்தனைகள் நியாயமானவை: கான்கிரீட் கூடாது, சரிவில் மரம் நடக்கூடாது, துறை எப்போது வேண்டுமானாலும் தோண்டலாம். ஓடைப் பாலத்துக்கு எஸ்டிமேட் 1,80,000 ரூபாய். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பணம், எங்கள் பங்கு 60,000. மாங்கூழ் தொழிற்சாலைப் பெண்கள் ஆளுக்கு ஐம்பது, நூறு என்று கொடுத்தார்கள். பஞ்சர் கடை அண்ணன் இரண்டாயிரம் கொடுத்தார். கரையிலிருந்து முள் போனால் அவருக்குத்தான் வருமானம் குறையும். அதை நான் சொன்னபோது, "எம்பொண்ணும் அந்த ரோட்டுலதான் போவுது" என்றார்.

வரைவோலை எடுத்து எங்கள் பங்குப் பணத்தைக் கட்டினோம். மார்ச் 16ல் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு, நன்னடத்தை விதி. புது வேலை எதுவும் தொடங்க முடியாது. ஜூன் வரை காத்திருந்தோம். கால்வாய் காய்ந்திருக்கும் மே மாதம் கையை விட்டுப் போனது, முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் காலம் வந்துவிட்டது. அந்த ஜூனில் பள்ளி திறந்தபோது என் மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். அவளுக்காகத் தொடங்கியது அவளுக்குக் கிடைக்கவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பாலம் மட்டும் அக்டோபரில் முடிந்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை வந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது, எங்கள் பக்கமும் விடாத மழை. மழை விட்டதும் கரையைப் போய்ப் பார்த்தோம். தண்ணீர் கால்வாய்ப் பக்கம் வழிந்த இடமெல்லாம் அறுத்துக்கொண்டு போயிருந்தது. வெளிப்பக்கம் சாய்ந்த இடம் அப்படியே நின்றது. கிராவல் கொட்டும்போது வெளிப்பக்கமாகத்தான் வாட்டம் விட வேண்டும் என்று பொறியாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது.

2025 மே கடைசியில் முள் வெட்டி வேரோடு எடுத்தோம். கிராவல் கொட்டி ரோலர் ஓடியது. கல்லுக்கால் நட்ட அன்று பெரியவர் கடப்பாரையோடு வந்து, ஆழம் போதாது என்று இரண்டாவது குழியை இன்னும் அரையடி தோண்ட வைத்தார்.

ஜூன் மூன்றாவது வாரம், மறுபடி ஒரு புதன்கிழமை, அதே டீக்கடை பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்தேன். ஏழே முக்காலிலிருந்து ஒன்பது வரை சர்வீஸ் ரோட்டில் பள்ளிக்குப் போன சைக்கிள் 13. மற்ற பிள்ளைகளெல்லாம் கரை வழியாகப் போய்விட்டார்கள். இந்த 13 பேரும் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள். அண்டர்பாஸில் மழைத்தண்ணீர் முழங்கால் அளவு தேங்குகிறது, விளக்கும் இல்லை. அதனால் மேலே ஏறித்தான் கடக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033க்குப் போன் செய்து புகார் எண் வாங்கியிருக்கிறேன். சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கான மனுவில் இரண்டே கோரிக்கை: வடிகால், விளக்கு. அந்த 13 பேர் வீட்டிலும் கையெழுத்து வாங்கியாகிவிட்டது, தபால் கொடுக்கப் போகும்போதே. வருகிற திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.