வன்னி வீதியும் தனியார் முதலும்: இடரை யார் சுமப்பது?

இலங்கையின் வன்னியில் மாங்குளம்–முல்லைத்தீவு போன்ற ஒரு வீதியை முப்பது வருடத்துக்குத் தனியாரிடம் கொடுத்து, "ஓடும் வாகனங்களிடம் சுங்கம் அறவிட்டு உன் முதலை எடுத்துக்கொள்" என்றால், கணக்குத் தெரிந்த கம்பனி எதுவும் கேள்விப்பத்திரம் போடாது. போடுகிற கம்பனியும் அரச உத்தரவாதம் கேட்டுத்தான் வரும். அந்த வீதிகளில் பெரும்பாலும் ஓடுவது மோட்டார் சைக்கிள். அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரமும் நெல் லொறியும் கூடும், பிறகு அடங்கிவிடும். வாகனம் குறைந்தால் வருமானம் குறையும். அந்த இடரைத் தனியாரால் குறைக்க முடியாது, விலையில் ஏற்றத்தான் முடியும்.

மெக்சிக்கோ இதை 1989 முதல் 1994 வரை செய்து பார்த்தது. மிகக் குறைந்த வருடங்களைக் கேட்டவருக்கே வீதி என்றார்கள். குறைந்த வருடத்தில் முதலை எடுக்கச் சுங்கத்தை ஏற்றினார்கள், லொறிகள் பழைய இலவச வீதியிலேயே போயின. 1994 டிசம்பரில் பெசோ விழுந்து வட்டி ஏறியது. 1997இல் 23 வீதிகளை அரசு கடனோடு திருப்பி எடுத்தது.

கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 போல வாகனம் நிறைந்த வீதிக்குச் சிலி நாட்டு முறை பொருந்தலாம். அங்கு ஏலம் வருடத்துக்கு அல்ல, மொத்தமாக அறவிட வேண்டிய தொகையின் இன்றைய பெறுமதிக்கு. தொகை சேர்ந்ததும் ஒப்பந்தம் முடியும், வாகனம் குறைந்தால் காலம் நீளும். வன்னியின் குறுக்கு வீதிகளுக்கு அதுவும் சரிவராது. வீதி நல்ல நிலையில் திறந்திருந்தால் அரசு கம்பனிக்குக் குறித்த தொகை கொடுப்பதும், குழி விழுந்தால் அந்தத் தொகையில் வெட்டுவதும்தான் நேர்மையான வழி. இந்தியா 2016 முதல் இதற்குக் கிட்டிய முறையொன்றைக் கையாள்கிறது: கட்டும்போது 40 வீதம், மீதி 15 வருடத்தில் தவணையாக. ஆனால் அந்தத் தவணையும் கடன்தான். கையெழுத்திடும் நாளிலேயே திறைசேரி அதைக் கணக்கில் எழுத வேண்டும்.

குழிக்குப் பணம் வெட்டுவதென்றால் குழி யாரால் வந்தது என்பதும் தெரிய வேண்டும். மணலும் கிறவலும் ஏற்றும் டிப்பர்களே இங்கு முதல் எதிரி. அச்சுப்பாரம், அதாவது வாகனத்தின் ஓர் அச்சு வீதியில் ஏற்றும் பாரம், கூடும்போது வீதிச் சேதம் ஏறக்குறைய நான்காம் அடுக்கில் கூடுகிறது: 20 வீதம் கூடுதல் பாரம் இரண்டு மடங்கு சேதம், 50 வீதம் என்றால் ஐந்து மடங்கு. டிப்பரை மறிக்கும் அதிகாரம் பொலிஸிடம் இருக்கிறது, கம்பனியிடம் இல்லை. ஆகவே வீதியிலேயே எடைமானி பதித்து, பதிவை இரு தரப்பும் பார்க்க வேண்டும். ஒப்புக்கொண்ட எல்லைக்கு மேற்பட்ட அச்சுகளின் சேதம் அரசின் செலவு. மெல்லிய தார்ப்படையால் வந்த வெடிப்பு கம்பனியின் செலவு. இந்த ஒரு பிரிவு இல்லாவிட்டால் ஐந்தாம் வருடம் வழக்கு மன்றம்தான்.

வெள்ளமும் அப்படியே. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீதிகளுக்கு மேலாக நீர் பாய்ந்தது. "இயற்கை அனர்த்தம்" என்ற இரண்டு சொல்லை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதினால் ஒவ்வொரு மாரியும் அனர்த்தமாகிவிடும். எந்த மழைமானி, 24 மணித்தியாலத்தில் எத்தனை மில்லிமீற்றர் என்று எழுத வேண்டும். அந்த அளவுக்குக் குறைந்த மழையில் மதகு உடைந்தால் வடிவமைத்தவர் பொறுப்பு. குளத்தைத் திறப்பது நீர்ப்பாசன அதிகாரிகளின் முடிவு என்பதால் அந்த நீர் அரசின் இடர்.

காணியில்தான் காலம் போகும். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி, வனவளத் திணைக்களம் எல்லையிட்ட காடு, கண்ணிவெடி அகற்றிய சான்றிதழ்: மூன்றையும் தீர்ப்பது அரசின் வேலை. குறைந்தது 80 வீத நிலம் கைக்கு வராமல் ஒப்பந்தக் கடிகாரம் ஓடக்கூடாது. 500 கோடி ரூபாக் கடனை 14 வீத வட்டியில் முழுதாக எடுத்துவிட்டு நின்றால், ஒரு நாள் தாமதம் ஏறத்தாழ 19 இலட்சம் ரூபா.

நாணயம் கடைசி, ஆனால் சிறிதல்ல. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தொட்டது. வீதி உழைப்பது ரூபாவில். அதனால் கடனும் இயன்றவரை ரூபாவில் இருக்க வேண்டும். தாரும் டீசலும் இறக்குமதி என்பதால், கொடுப்பனவில் அந்தப் பங்கை மட்டும் அவற்றின் விலைச்சுட்டியோடு கட்டலாம். முழுக் கொடுப்பனவையும் டொலரோடு கட்டினால் ரூபா விழும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுமை வரி கட்டுபவரிடமே வந்து சேரும்.