ஏரிக்கரை நாட்குறிப்பு: கல்யாணத்துக்கு முந்தைய பன்னிரண்டு வாரங்கள்

10 நவம்பர் 2024, ஞாயிறு

தை 20, அதாவது பிப்ரவரி 2ஆம் தேதி முகூர்த்தம் என்று இரு வீட்டாரும் தாம்பூலம் மாற்றிக்கொண்டு ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் செலவுக் கணக்கு, அம்மாவின் பெயர்ப்பட்டியல், சித்தியின் புடவைப் பட்டியல் என்று மூன்று நோட்டுப் புத்தகங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. நான்காவதாக இதை நான் தொடங்குகிறேன். மார்கழி பிறந்துவிட்டால் சுப காரியம் எதையும் தொடக் கூடாது என்பதால், பத்திரிகை, புடவை, மண்டபத்துக்கு முன்பணம் எல்லாம் டிசம்பர் 15க்குள் முடிந்தாக வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

காலை ஆறு மணிக்கு எங்கள் நாய் கடலையை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைச் சாலையில் நடந்தேன். 2019ஆம் ஆண்டு பசவனகுடி கடலைக்காய்ப் பரிஷே என்னும் நிலக்கடலைத் திருவிழாவில், சாக்கு மூட்டைகளுக்கு நடுவே கிடந்த செந்நிறக் குட்டி அவள். அந்த நிறத்துக்கும் அந்த இடத்துக்கும் வேறு எந்தப் பெயரும் பொருந்தவில்லை. ஐந்து ஆண்டுகளாக எங்கள் நடை வள்ளுவர் சிலை வரை சென்று திரும்புவதுதான். 1991இலிருந்து பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்த அந்தச் சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றது நினைவிருக்கிறது.

இதை இன்று எழுதுவதற்குக் காரணம், தாம்பூலத்தன்று அத்தை, அதாவது எனக்கு நிச்சயமானவருடைய அம்மா, என்னிடம் தனியாகக் கேட்ட ஒரு கேள்வி. "நாயை யாருகிட்ட விட்டுட்டு வரப்போறம்மா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. விட்டுவிட்டு வருவது உறுதி, யாரிடம் என்பதுதான் தெரிய வேண்டும் என்பதுபோலக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் வந்தது ஒரு வாரமாக உறுத்துகிறது.

17 நவம்பர் 2024, ஞாயிறு

அவரும் நானும் கடலையும் நந்தி மலை அடிவாரத்துக்குப் போய்வந்தோம். அல்சூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பியதால் பெல்லாரி சாலை காலியாக இருந்தது. 1,478 மீட்டர் உயரமுள்ள மலையின் உச்சிக்குச் சூரிய உதயம் பார்க்க ஏறும் கூட்டத்துக்குள் கடலையை இழுத்துச் செல்ல இருவருக்கும் மனமில்லை. ஆகவே கீழே நந்தி கிராமத்தில் போக நந்தீஸ்வரர் கோயிலருகே வண்டியை நிறுத்தி, ஒருவர் மரத்தடியில் அவளோடு இருக்க, மற்றவர் உள்ளே போய்வருவது என்று முறை வைத்துக்கொண்டோம். ஒன்பதாம் நூற்றாண்டில் நுளம்பர் காலத்தில் தொடங்கி, சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார் என்று ஒவ்வொருவரும் சேர்த்துக் கட்டிய கோயில் அது. படிகள் இறங்கும் குளத்தின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த கால் மணி நேரம், இந்த மாதத்தில் யாரும் என்னிடம் எதையும் கேட்காத ஒரே கால் மணி நேரம்.

வெளியே வந்தபோது அவர் கடலையின் காதிலிருந்து புல் முட்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு வயல் வரப்பில் வெகுதூரம் நடந்தோம். அப்போது அவர் சொன்ன ஒன்று, வீடு திரும்பிய பின்னும் என்னை விடவில்லை. அவருடைய ஊர் திருக்கோவிலூருக்கு எதிர்க்கரையில் உள்ள அரகண்டநல்லூர். அங்கே ஓடும் தென்பெண்ணை இந்த நந்தி மலைத்தொடரில்தான் பிறக்கிறது. இங்கே அதன் பெயர் தட்சிண பினாகினி. ஓசூருக்கருகே கெலவரப்பள்ளி, பிறகு கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து அவர் வீட்டுத் தெருக்கோடியைத் தொட்டுக் கடலூரில் கடலில் சேர்கிறது. அதோடு நிற்கவில்லை: எங்கள் அல்சூர் ஏரி நிரம்பி வழியும் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக இதே ஆற்றில்தான் கலக்கிறதாம். "நீங்க அனுப்புற நுரையெல்லாம் கெலவரப்பள்ளியில நிக்குது" என்றார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து பார்க்கும் ஏரியின் தண்ணீர் எங்கே போகிறது என்று இருபத்தேழு வயதுவரை நான் கேட்டதே இல்லை.

அத்தை கேட்ட கேள்வியை வரப்பில் நின்றே அவரிடம் சொன்னேன். அம்மா சிறு வயதில் நாய்க்கடி பட்டு, அன்றைய வழக்கப்படி வயிற்றில் வரிசையாக ஊசி போட்டுக்கொண்டவர் என்றார். அதன் பிறகு எனக்கிருந்த கோபம் குறைந்தது. உறுத்தல் குறையவில்லை.

25 நவம்பர் 2024, திங்கள்

கன்னடப் பஞ்சாங்கப்படி கார்த்திகை மாதக் கடைசித் திங்கள், பரிஷே. அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவுடன் போனேன். கடலையை வீட்டிலேயே விட்டேன்; அந்த நெரிசல் அவளுக்கு ஆகாது. இரண்டு படி பச்சைக் கடலைக்காய் வாங்கி, அவளுக்கென்று ஒரு பிடியை உப்பில்லாமல் அவித்தேன்.

முகூர்த்தப் புடவை சனிக்கிழமையே சிக்பேட்டையில் எடுத்தாகிவிட்டது: அரக்கில் பச்சைக் கரை. பத்திரிகையும் அச்சாகி வந்துவிட்டது. அவர் தம் பங்கு முந்நூறு பத்திரிகைகளை ஊருக்கு எடுத்துச் சென்றார்.

2 டிசம்பர் 2024, திங்கள்

இரண்டு இரவுகளாகத் தூக்கமில்லை. ஃபெஞ்சல் புயல் சனிக்கிழமை இரவு புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்தபோது, எங்களுக்கு இங்கே குளிரும் தூறலும்தான். கரை கடந்ததோடு தீர்ந்தது என்று நினைத்தோம். ஆனால் அது நகராமல் நின்று கொட்டியது. ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர் மழை. மேலே பெய்த நீரெல்லாம் ஆற்றில் இறங்க, இன்று அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. விடிவதற்குள் அரகண்டநல்லூரில் ஆற்றையொட்டிய தெருக்களில் வெள்ளம் புகுந்துவிட்டது.

காலை ஏழு மணிக்கு மாமாவின், அதாவது அவருடைய அப்பாவின், தொலைபேசி கடைசியாக ஒலித்தது. மாடிக்கு ஏறிவிட்டோம் என்று மட்டும் சொன்னார், அதன் பிறகு தொடர்பு இல்லை. மாமாவின் மகன் அதற்குள் கிருஷ்ணகிரி தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் கடலையை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தேன். ஏரி அசைவில்லாமல் கிடந்தது. வெள்ளத்துக்கு இந்த ஏரி காரணமல்ல, அது கீழே பெய்த மழை என்று அறிவுக்குத் தெரியும். இருந்தாலும் அந்தத் தண்ணீரை வெகுநேரம் பார்க்க முடியவில்லை.

மாலை நான்கு மணிக்கு அவர் அழைத்தார். எல்லோரும் நலம். எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

8 டிசம்பர் 2024, ஞாயிறு

அத்தையிடம் இன்றுதான் நிதானமாகப் பேச முடிந்தது. தண்ணீர் இடுப்பளவு நின்றதாம். வடிந்த பிறகு முழங்கால் அளவுக்குச் சேறு. அரிசி மூட்டை, மெத்தை, குளிர்பதனப் பெட்டி எதுவும் மிஞ்சவில்லை. அலமாரியில் இருந்த பத்திரிகைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் கரைந்து எல்லாம் ஒரே நிறமாக இருந்தது என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது, மெத்தைக்கோ அரிசிக்கோ உடையவில்லை.

பிறகு, கேட்காமலே ஒன்று சொன்னார். மாடியில் அவர்களோடு பக்கத்து வீட்டு ஆடுகள் இரண்டும், தெரு நாய்கள் மூன்றும் இருந்தனவாம். ஒரு நாள், ஓர் இரவு. கையில் இருந்த சோற்றை எல்லோரும் பகிர்ந்துகொண்டார்களாம். "அதுங்க ஒரு சத்தம் போடலம்மா, அப்படியே சுருண்டு கெடந்துச்சுங்க" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "உன்னுது தயிர்ச்சோறு சாப்பிடுமா?" என்று கேட்டார். சாப்பிடும் என்றேன்.

தேதியை மாற்ற வேண்டாம் என்று மாமா பிடிவாதமாக இருக்கிறார். மாலை வரவேற்பை மட்டும் விட்டுவிடலாம் என்று நானும் அவரும் சொன்னோம். அப்பா முதலில் மறுத்தார், மண்டபத்தாரிடம் கட்டிய முன்பணம் திரும்பாது என்றார். பணம் போனால் போகட்டும், மாமா வீட்டுச் சுவருக்குப் பூச்சு வேலை தொடங்க வேண்டிய மாதத்தில் அவரை மேடையில் நிற்க வைத்து ஐந்நூறு பேரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இரவு அப்பா தம் நோட்டில் அந்தப் பக்கத்தை அடித்தார்.

22 டிசம்பர் 2024, ஞாயிறு

மார்கழி. கல்யாண வேலை இல்லை, வீடு தேடும் வேலை மட்டும். அவருக்கு வேலை ஒயிட்ஃபீல்டில், எனக்கு எம்.ஜி. ரோட்டில், ஆகவே மெட்ரோ ஊதா வழித்தடத்தை ஒட்டி பையப்பனஹள்ளி, சி.வி. ராமன் நகர், கக்கதாசபுரம் என்று மூன்று வாரங்களில் பதினோரு வீடுகள் பார்த்திருக்கிறோம். எல்லா இடத்திலும் பேச்சு நன்றாகவே போகும், நாய் உண்டு என்று சொல்லும்வரை. ஒருவர், நாய்க்கென்று சேர்த்துப் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். குடியிருப்போர் சங்கங்கள் செல்லப் பிராணிகளுக்குத் தடை போடக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. ஆனால் வீட்டையே தரமாட்டேன் என்பவரிடம் அந்தத் தாளை நீட்டி என்ன பயன்? மறைத்துக் குடியேறலாம் என்று தரகர் சொன்ன யோசனையை அவர் உடனே மறுத்துவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

5 ஜனவரி 2025, ஞாயிறு

கடலைக்கு உண்ணிக் காய்ச்சல். வியாழனிலிருந்தே சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்தாள். நேற்று ஈறுகள் வெளிறியிருந்ததைப் பார்த்துப் பயந்துபோனேன். இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் 58 ஆயிரம்தான் இருந்தன. ஏறத்தாழ இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியவை. டாக்சிசைக்ளின் மாத்திரை, 28 நாள், ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. எண்ணிப் பார்த்தேன்: கடைசி மாத்திரை பிப்ரவரி 1, கல்யாணத்துக்கு முதல் நாள்.

தவறு என்னுடையது. மாதம் தவறாமல் அவள் பிடரியில் விடும் உண்ணி மருந்தை டிசம்பரில் விடவே இல்லை. வெள்ளம், வீடு, புடவை ரவிக்கை என்று அலைந்ததில் மறந்துபோனேன். மருந்தைப் பாலோடும் தயிரோடும் தரக் கூடாது, தந்தால் உடம்பில் முழுதாகச் சேராது என்றார் மருத்துவர்; வெறும் வயிற்றிலும் கூடாது. ஆகவே இட்லிக்குள் வைத்துத் தருகிறேன். உண்ணிகள் சுவர் விரிசல்களில் ஏறி முட்டையிடும் என்பதால், சீர்வரிசைப் பாத்திரங்களையும் புடவைப் பெட்டிகளையும் மாடிக்கு ஏற்றிவிட்டு, அப்பா கூடம் முழுவதும் மருந்தடித்தார். மார்கழியில் இப்படி ஆகிறதே என்று அம்மா முணுமுணுத்தபடியே இட்லிக்கு ஊறப்போட்டார்.

19 ஜனவரி 2025, ஞாயிறு

தட்டணுக்கள் 1.9 லட்சம். வீடும் கிடைத்தது: கக்கதாசபுரத்தில் தரைத்தளம், வீட்டுக்காரம்மாவிடமே ஒரு கிழட்டு லாப்ரடார் இருக்கிறது. கப்பன் பூங்காவின் மூங்கில் பக்கம் கடலையை மெதுவாக நடத்திச் சென்றோம். அரை கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பும்போது அவர் தூக்கி வந்தார்.

1 பிப்ரவரி 2025, சனி

இரவு பதினொன்று. முகூர்த்தக்கால் நட்டாகிவிட்டது, கையில் மருதாணி சிவந்திருக்கிறது. நாளைக் காலை தவிலும் நாகஸ்வரமும் கடலைக்குத் தாங்காது என்பதால், பக்கத்து வீட்டு அஜ்ஜி எங்கள் வீட்டிலேயே அவளோடு இருக்கச் சம்மதித்திருக்கிறார். பாயசத்தில் முந்திரியோடு திராட்சையும் இருக்கும், அது நாய்க்கு விஷம், யார் கேட்டாலும் இலையிலிருந்து எதையும் போட வேண்டாம் என்று அவரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

மாமாவும் அத்தையும் மாலையே வந்துவிட்டார்கள். அத்தை ஒரு துணிப்பையில் ஊர்க் கடலைக்காய் கொண்டுவந்திருந்தார், வெள்ளத்துக்குத் தப்பிய மேட்டு நிலத்தில் விளைந்தது. எட்டு மணிக்கு மாத்திரை நேரம். என் இரு கைகளிலும் மருதாணி ஈரமாக இருந்ததால் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா பூக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். அத்தை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இட்லியைப் பிட்டு, மாத்திரையை உள்ளே வைத்து மூடி, கையை முழுதாக நீட்டித் தட்டில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். கடலை ஒரே வாயில் விழுங்கிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அத்தை இன்னொரு இட்லியைப் பிட்டார்.