17ஏ

மார்ச் 4

நாற்பத்து மூன்று வயதில் விமானம் ஓட்டப் பழகுகிறேன். தனியாகப் பறக்க மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். இன்று இரவு அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் மெட்எக்ஸ்பிரஸ் இணைய விண்ணப்பத்தைத் திறந்தேன். பெயர், உயரம், எடை எல்லாம் மளமளவென்று போனது. 17ஏ கேள்வி வந்ததும் கை நின்றுவிட்டது. இப்போது ஏதாவது மருந்து பயன்படுத்துகிறீர்களா? மருத்துவர் எழுதிக் கொடுத்தது, கடையில் நீங்களே வாங்கியது, இரண்டுமே.

பிரஷருக்கு லோசார்டன், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின். ‘ஆம்’ போடப் பயம். ‘இல்லை’ போட மனம் வரவில்லை. கணினியை மூடிவிட்டேன்.

மார்ச் 5

இன்று கடைசிவரை படித்தேன். தெரிந்தே பொய் சொன்னால் 2,50,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டுவரை சிறை. ஒரு பிரஷர் மாத்திரையை மறைக்கக் கொஞ்சம் அதிக விலைதான். போதாததற்கு, 18ஆம் கேள்வி ரத்த அழுத்தம் இருந்ததுண்டா என்கிறது; 19ஆவது, கடந்த 3 ஆண்டுகளில் எந்த மருத்துவரைப் பார்த்தீர்கள் என்கிறது. ஓரிடத்தில் மறைத்தால் இன்னோரிடத்தில் மாட்டிக்கொள்வேன்.

பயிற்சியாளரிடம் சொன்னேன். “முதலில் சான்றிதழ் தரும் பரிசோதனை மருத்துவரிடம் சும்மா பேசிப் பாருங்கள். பரிசோதனைக்கென்று போய் உட்காராதீர்கள்” என்றார். உங்கள் விண்ணப்ப எண்ணைப் போட்டு அவர் பரிசோதனையைத் தொடங்கிவிட்டால் மூன்றே முடிவுதான்: சான்றிதழ், எஃப்.ஏ.ஏ.வின் முடிவுக்கு ஒத்திவைப்பு, மறுப்பு. மறுப்பு விழுந்துவிட்டால், மருத்துவச் சான்றிதழுக்குப் பதில் கார் ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு இலகு ரக விமானம் ஓட்டும் வழியும் அடைபட்டுவிடும். இதை யாரும் முன்னாலேயே சொல்வதில்லை.

மார்ச் 9

பரிசோதனை மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினேன். லோசார்டன் என்றதும், “சரி, அப்புறம்?” என்றார். இதற்காகவா நான்கு நாள் தூங்காமல் கிடந்தேன்! பெரும்பாலான பிரஷர் மருந்துகளுக்கு அனுமதி உண்டாம். குளோனிடின் போல ஒரு சிலதான் ஆகாது. பரிசோதனை அன்று அளவு 155/95ஐத் தாண்டக் கூடாது, உங்கள் மருத்துவரின் சமீபத்திய குறிப்பு ஒன்று கொண்டு வாருங்கள், அவ்வளவுதான் என்றார். கொழுப்பு மாத்திரைக்கு அந்தக் கேள்விகூட இல்லை.

“வேறு?”

“வேறொன்றும் இல்லை. தும்மலுக்கு ராத்திரியில் ஒரு சிட்டிரிசின் போடுவேன்.”

“அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.”

சிட்டிரிசின் போட்டால் அதன்பின் 48 மணி நேரம் பறக்கக் கூடாது. தினமும் போடுகிறவன் என்றைக்குப் பறப்பது? தூக்கம் வரவைக்கும் இன்னொரு ஒவ்வாமை மருந்தான டைஃபென்ஹைட்ரமின் என்றால் 60 மணி நேரம். தூக்கம் வராவிட்டால்கூடவா என்று கேட்டேன். அதுதான் ஆபத்து என்றார்: கண் சொக்காது, ஆனால் கையும் கவனமும் மந்தமாகியிருக்கும், நமக்கே தெரியாது. 1990 முதல் 2012 வரை விபத்தில் இறந்த விமானிகளின் உடலில் கிடைத்த மருந்துகளை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தது. மந்தப்படுத்தும் மருந்துகளில் அதிகம் தென்பட்டது இந்த டைஃபென்ஹைட்ரமின்தான். கடையில் யார் கேட்டாலும் கிடைக்கிற சாமான்.

இதே தும்மலுக்கான லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின் மாத்திரைகள் இரண்டுக்கும் தடையில்லை. ஆனால் முதலில் தரையில் இருந்தபடியே போட்டுப் பார்த்து, உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்ச் 10

மருந்து டிராயரைக் கவிழ்த்துப் பின்பக்க எழுத்துகளைப் படித்தேன். கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியவில்லை. பெயருக்குப் பின்னால் ‘பி.எம்.’ என்று ஒட்டியிருக்கும் வலி மாத்திரையில் டைஃபென்ஹைட்ரமின். இத்தனை நாள் அதை வெறும் தலைவலி மாத்திரை என்றே நினைத்திருந்தேன்.

மார்ச் 24

லோரடடினுக்கு மாறி இரண்டு வாரம். உண்மையைச் சொன்னால் சிட்டிரிசின் அளவுக்குக் கேட்கவில்லை. காலையில் நாலு தும்மல் கூடுதல். மயக்கம் எதுவும் இல்லை.

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். 17ஏ-வில் மூன்று மருந்துகள். ‘முன்பே தெரிவித்ததா’ என்ற கட்டத்தில் ‘இல்லை’; எனக்கு இதுதான் முதல் விண்ணப்பம். நிறுத்திய சிட்டிரிசினை 17ஏ-வில் போடவில்லை, ‘இப்போது’ என்றுதானே கேட்கிறார்கள். ஆனால் 18இல் ஒவ்வாமைக்கு ‘ஆம்’ போட்டு, முன்பு அதைச் சாப்பிட்டதையும் விட்டதையும் விளக்கத்தில் எழுதினேன்.

ஏப்ரல் 2

பரிசோதனையில் ரத்த அழுத்தம் 142/88. அந்தப் பட்டை கையை இறுக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது, அதனால் இருக்கலாம். மருத்துவர் என் குறிப்பைப் புரட்டினார், இரண்டு கேள்வி கேட்டார், அங்கேயே அச்சிட்டுக் கொடுத்துவிட்டார். நாற்பதைத் தாண்டியதால் 24 மாதம் செல்லும்.

ஏப்ரல் 6

இன்று தனியாகப் பறக்க வேண்டிய நாள். விடியற்காலையில் மூக்கு அடைப்பு, காதில் குப்பென்ற சத்தம். இந்தக் காதோடு கீழே இறங்கினால் வலி உயிரை எடுத்துவிடும். சளி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: நான்கு மருந்து கலவை, அதில் ஒன்று தூங்க வைப்பது. சான்றிதழ் கையில் இருந்தாலும் உடம்பு சரியில்லாதபோது ஓட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. பயிற்சியாளருக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பிவிட்டு, அந்த மாத்திரையையே போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.